ஆயில் ஃபில்டரில் காந்தம் கட்டினால் புது இன்ஜினுக்கு உதவுமா?

சக்கரவாகம்:

வணக்கம் நண்பர்களே. புதுக் கார் எடுத்திருக்கிறேன். சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின். ஆயில் ஃபில்டர் இரும்பு டப்பாவாகத் திருகி மாட்டும் வகை. இன்ஜினுக்கு முன்பக்கம், வாய் மேலே இருக்கும்படி தொங்குகிறது. கை தாராளமாகப் போகிறது.

புது இன்ஜினில் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள்தான் பிஸ்டன் ரிங்கும் லைனரும் (சிலிண்டரின் உள்சுவர்) ஒன்றோடு ஒன்று உரசிப் பொருந்துகின்றன, அப்போது வரும் இரும்புத்தூள்தான் அதிகம் என்று படித்தேன். அதிலிருந்து மனம் ஓயவில்லை. டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1,50,000 சுற்றைத் தாண்டிச் சுழலும் என்கிறார்கள். அதன் பேரிங்குக்கும் இதே ஆயில்தானே போகிறது? அந்தத் தூளில் கொஞ்சத்தையாவது வழியிலேயே பிடித்து நிறுத்த முடிந்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

ஓடாமல் கிடந்த ஹார்ட் டிஸ்க்குகளைப் பிரித்து அதிலிருந்த நியோடைமியம் காந்தங்களை எடுத்து வைத்திருக்கிறேன். பிறை வடிவம், இரும்புத் தகட்டோடு ஒட்டியபடியே இருக்கின்றன. ஃபில்டர் டப்பாவைச் சுற்றி இவற்றை வைத்து ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கலாம் என்பது யோசனை. பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த வளையக் காந்தமும் ஒன்று இருக்கிறது. அது டப்பாவின் அடிப்பக்கம் கச்சிதமாக உட்காருகிறது.

என் சந்தேகங்கள் இவை. டப்பாவே இரும்பு என்பதால் காந்த விசை அதிலேயே முடங்கிவிடாதா? இன்ஜின் சூட்டில் காந்தம் எவ்வளவு நாள் தாங்கும்? பிடித்த தூள் ஒரு நாள் மொத்தமாகக் கழன்று உள்ளே போய்விட்டால்? இன்னொன்று, தூளெல்லாம் காந்தமாகி கிராங்கிலும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பேரிங்கிலும் போய் ஒட்டிக்கொள்ளும் என்று நண்பர் ஒருவர் பயமுறுத்துகிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

தனிவழி:

வாழ்த்துகள். என் கருத்து, இது தேவையே இல்லை. இன்ஜினை வடிவமைத்தவர்கள் ஆயில், ஃபில்டர், மாற்றும் இடைவெளி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சோதித்து வெளியே விடுகிறார்கள். காந்தம் இல்லாமலேயே லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய இன்ஜின்கள் ஏராளம். கையேட்டில் சொன்ன தர ஆயிலை ஊற்றுங்கள், சொன்ன நேரத்துக்கு முன்பே மாற்றுங்கள்.

வாரண்டி காலத்தில் இன்ஜினில் எதையாவது கட்டி வைத்து, நாளைக்கு வேறு ஏதோ பழுது வந்தாலும் "இது என்ன?" என்று அவர்கள் கேட்கும்படி வைத்துக்கொள்ள வேண்டாம். காந்தம் கழன்று பெல்ட்டில் சிக்கினால் அது இதைவிடப் பெரிய செலவு.

---

பழையலேத்:

தம்பி, நல்ல கேள்வி. தனிவழி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் "தேவையில்லை" என்பதோடு விஷயம் முடியவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் ரீபோர், கிராங்க் கிரைண்டிங் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவன். பிரிக்க வரும் இன்ஜினோடு அதன் ஃபில்டரும் வர வேண்டும் என்று கேட்டு வாங்குவேன். அதை வெட்டிப் பார்த்தால்தான் எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்பது தெரியும். டப்பாவை வெட்டுவதற்கென்று உருளைக் கத்தி வைத்த கருவி உண்டு, விளிம்பைச் சுற்றி வந்து மூடியைத் தனியாக எடுத்துவிடும். ஆக்ஸா பிளேடால் மட்டும் அறுக்காதீர்கள். அறுக்கும் தூள் உள்ளே விழுந்து, இன்ஜின் தூள் எது, நீங்கள் போட்ட தூள் எது என்று பிரிக்க முடியாமல் போகும்.

முதலில் ஆயில் போகும் வழியைப் பாருங்கள். சம்பில் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இருந்து சல்லடை வழியாகப் பம்ப் இழுக்கிறது. பம்ப் அதை ஃபில்டருக்குத் தள்ளுகிறது. ஃபில்டரின் வாயில் சுற்றி இருக்கும் சின்னத் துளைகள் வழியாக ஆயில் உள்ளே வந்து, டப்பாவின் சுவருக்கும் மடித்த காகிதத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் இறங்கி, காகிதத்தின் வெளியில் இருந்து உள்ளே புகுந்து, நடுத்துளை வழியாக வெளியேறி பேரிங்குகளுக்குப் போகிறது. ஆக, டப்பாவின் பக்கச்சுவரில் வைக்கும் காந்தம் இன்னும் வடிகட்டப்படாத ஆயிலைத்தான் தொடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் சந்தேகங்களில் பாதிக்கு விடை தானாக வந்துவிடும்.

பிடித்த தூள் கழன்றால் என்ன ஆகும்? கழன்றாலும் அது போக வேண்டியது காகிதத்துக்குத்தான். பெரிய துகளைக் காகிதம் நிறுத்திக்கொள்ளும். மிகச் சிறியதில் ஒரு பங்கு தாண்டிப் போகலாம். அது காந்தமே இல்லாதிருந்தாலும் தாண்டிப் போயிருக்கக் கூடியதுதான். புதிதாக எந்தக் கேடும் வரவில்லை. ஒரு நேரத்தில் மட்டும் கவனம் வேண்டும். கடும் குளிரில் வண்டியை எடுக்கும்போது ஆயில் தடித்திருக்கும், காகிதம் அதை வேகமாக விடாது. அப்போது பைபாஸ் வால்வு திறந்து வடிகட்டாத ஆயிலை நேராக உள்ளே அனுப்பிவிடும். இன்ஜினுக்கு அழுக்கு ஆயில் போனாலும் பரவாயில்லை, ஆயிலே போகாமல் இருக்கக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. காகிதம் விலகி நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்திலும் காந்தம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். எனக்கு இதில் பிடித்த விஷயம் இதுதான்.

இப்போது அளவுகளுக்கு வருவோம். கார்களில் சாதாரணமாக வரும் ஃபில்டர் 20 முதல் 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையான துகள்களை நன்றாகப் பிடிக்கும். அதற்குக் கீழே போகப் போகப் பிடிப்பு குறையும். மெயின் பேரிங்கில் விடும் இடைவெளி சுமார் 25 முதல் 50 மைக்ரான். ஆனால் ஓடும்போது சுமை விழும் பக்கம் ஆயில் படலம் சில மைக்ரான் அளவுக்கு மெலிந்துவிடும். படலத்தைவிட மிகப் பெரிய துகள் உள்ளேயே நுழையாது, மிகச் சிறியது உரசாமல் தப்பித்துப் போய்விடும். படலத்தின் தடிமனுக்குச் சமமாகவோ சற்றுப் பெரிதாகவோ இருப்பதுதான் அரைக்கும். அதாவது 5 முதல் 20 மைக்ரான் வரை உள்ளவை. காகிதம் தடுமாறும் இடமும் அதுவே. அந்த அளவுள்ள இரும்புத்தூளில் காந்தம் கொஞ்சத்தைப் பிடித்தாலும் அது உண்மையான உதவிதான்.

ஆனால் அங்கேதான் காந்தத்துக்கும் சிரமம். துகளின் குறுக்களவு பாதியானால் காந்தம் அதை இழுக்கும் விசை எட்டில் ஒரு பங்காகிவிடும். ஓடும் ஆயில் அதைத் தள்ளிக்கொண்டு போகும் விசையோ பாதியாகத்தான் குறையும். எனவே 20 மைக்ரான் துகளைச் சுலபமாகப் பிடிக்கும் காந்தம் 5 மைக்ரான் துகளை எளிதில் கோட்டைவிடும். ஈடு செய்வது ஒன்றே ஒன்று: ஆயில் ஒருமுறை மட்டும் போவதில்லை. வேகமாக ஓடும் இன்ஜினில் சம்பில் உள்ள மொத்த ஆயிலும் ஒரு நிமிடத்துக்குள் பல முறை ஃபில்டரைச் சுற்றி வந்துவிடும். இந்தச் சுற்றில் தப்பியது அடுத்ததில், அல்லது அதற்கும் அடுத்ததில் சுவருக்குப் பக்கமாக வந்து மாட்டும்.

டப்பா இரும்பு என்பது பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், டப்பாத் தகடு காந்தப்புலத்தில் ஒரு பகுதியைத் தன்னுள்ளேயே திருப்பிக் கொண்டுபோய்விடும். தகடு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான். மெல்லிய தகடு சீக்கிரம் நிரம்பிவிடும், மிச்சம் உள்ளே கசியும். நியோடைமியத்துக்குத் தகட்டை நிரப்பும் பலம் உண்டு. ஸ்பீக்கர் காந்தம் ஃபெரைட் வகை. அதே கன அளவுக்கு அதன் காந்த ஆற்றல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான், பெரும்பகுதி தகட்டிலேயே போய்விடும். போதாக்குறைக்கு நீங்கள் வைக்க நினைக்கும் அடிப்பக்கத்தில் ஆயில் ஓட்டமே குறைவு. அங்கே வழக்கமாகக் காகிதத்தைத் தாங்கும் ஸ்பிரிங்தான் இருக்கும். எனவே ஸ்பீக்கர் காந்தத்தை ஒதுக்கிவிடுங்கள்.

என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம், செய்து பார்க்கலாம். பழைய ஃபில்டர் ஒன்றை வெட்டி, டப்பாவைக் கழுவித் துடைத்து, வெளியே காந்தத்தை வைத்து உள்ளே கொஞ்சம் இரும்புத்தூள் தூவுங்கள். தூள் எங்கே முள்முள்ளாக எழுந்து நிற்கிறதோ அங்கேதான் பிடிப்பு. காந்தத்தின் நடுவில் அவ்வளவாக ஒட்டாது, ஓரங்களில்தான் ஒட்டும். துகளை இழுப்பது புலத்தின் பலம் மட்டும் இல்லை, அடுத்தடுத்த இடத்தில் அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதும் சேர்ந்துதான். அதனால் ஒரே பெரிய காந்தத்தைவிட, வடக்கு தெற்கு என்று மாற்றி மாற்றி வைத்த சின்னக் காந்தங்கள் நன்றாக வேலை செய்யும். ஹார்ட் டிஸ்க் காந்தத்தில் பெரும்பாலும் ஒரே முகத்தில் இரண்டு துருவமும் இருக்கும். உங்களுக்கு அது வசதி. நடுவில் துருவம் மாறும் கோட்டில் நல்ல பிடிப்பு கிடைக்கும்.

அதன் பின்னால் ஒட்டியிருக்கும் இரும்புத் தகட்டைக் கழற்றாதீர்கள். வெளிப்பக்கம் வீணாகப் போகும் புலத்தை அது திருப்பி உள்பக்கம் அனுப்புகிறது. கழற்றப் போனால் காந்தம் உடையவும் வாய்ப்பு அதிகம். நியோடைமியம் பார்க்க உலோகம்போல இருந்தாலும் தட்டினால் சிதறும். இரண்டு காந்தம் கைநழுவி ஒன்றை ஒன்று இழுத்து மோதினால் சில்லு கண்ணுக்குத் தெறிக்கும், நடுவில் விரல் இருந்தால் நசுங்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். வீட்டில் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இருந்தால் இவற்றைக் கைக்கெட்டும் இடத்தில் போட்டு வைக்கவே வேண்டாம்.

அடுத்து சூடு. இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. சாதாரண வகை நியோடைமியம் 80 டிகிரி வரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால் பலம் குறையும், ஆறிய பிறகும் முழுதாகத் திரும்பி வராது. எம் என்று குறித்தது 100 டிகிரி, எச் என்றால் 120, எஸ்எச் என்றால் 150 வரை. ஓடிச் சூடேறிய இன்ஜினில் ஆயில் 90 முதல் 110 டிகிரியில் இருக்கும், ஏற்றத்தில் டர்போவோடு இழுக்கும்போது 120-ஐயும் தொடும். ஹார்ட் டிஸ்க் காந்தத்தில் எந்த வகை என்று அச்சிட்டிருக்காது. அதற்கு ஒரு வழி சொல்கிறேன். காந்தத்துக்கும் ஓர் இரும்புத் துண்டுக்கும் நடுவே தடித்த அட்டை ஒன்றை வைத்து, தொங்கும் தராசால் இழுத்து, எந்த எடையில் பிரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காந்தத்தைக் கொதிக்கும் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள். நன்றாக ஆறட்டும். அதே அட்டை, அதே இரும்பு, மறுபடி இழுங்கள். எடை கிட்டத்தட்ட அதேயாக இருந்தால் 100 டிகிரி வரை கவலையில்லை. தெளிவாகக் குறைந்திருந்தால் அது இந்த வேலைக்கு லாயக்கில்லை, எச் அல்லது எஸ்எச் வகையாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மாட்டும் விதம். காந்தம் தட்டை, டப்பா வளைவு. அதனால் ஒரு கோட்டில்தான் தொடும், உருளப் பார்க்கும். சூடு தாங்கும் சிலிகோன் பசை கொஞ்சம் வைத்துப் படிய விட்டு, அதன்மேல் கிளிப்பை இறுக்குங்கள். வெறும் பசையை மட்டும் நம்பாதீர்கள். அதே சமயம் டப்பா நசுங்கும் அளவுக்குத் திருகவும் கூடாது. அந்த மெல்லிய தகட்டுக்குள் ஆயில் 3 முதல் 5 பார் அழுத்தத்தில் இருக்கிறது. நசுங்கிய மடிப்பு அதிர்ந்து அதிர்ந்து வெடிப்பு விட்டால் ஆயில் முழுவதும் சாலையில்தான். பெல்ட், ஃபேன் பக்கம் காந்தம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கிராங்க் பொசிஷன் சென்சார் பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கம் வைக்கவே கூடாது, அதுவே காந்தப்புலத்தை வைத்துப் படிக்கும் சென்சார். ஆயில் பிரஷர் ஸ்விட்சுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: எந்தக் காந்தத்தையும் இன்ஜினுக்குள்ளேயோ ஃபில்டருக்குள்ளேயோ சும்மா போட்டு வைக்காதீர்கள். மேல் பூச்சு உரிந்து காந்தம் உதிரத் தொடங்கினால், உதிரும் ஒவ்வொரு துண்டும் தானே ஒரு காந்தம். அது எங்கே போய் ஒட்டும் என்று யாரும் சொல்ல முடியாது.

உங்கள் நண்பரின் பயம் வேறு. அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். கிராங்கில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க அதைக் காந்தமாக்கி, இரும்புத்தூள் கலந்த திரவத்தை ஊற்றிப் பார்ப்போம். சோதனை முடிந்ததும் காந்தத்தை நீக்காமல் மாட்டினால் கிராங்க் தூளை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பது உண்மை, நீக்காமல் எந்தக் கிராங்கையும் பட்டறையை விட்டு வெளியே அனுப்ப மாட்டோம். ஆனால் ஃபில்டருக்கு வெளியே கட்டிய காந்தத்தின் புலம் சில சென்டிமீட்டரிலேயே தேய்ந்துவிடும். அது கிராங்கைக் காந்தமாக்காது. ஆயிலில் போகும் தூளும் காந்தத்தை விட்டு விலகினால் பெரும்பாலும் தன் காந்தத்தன்மையை இழந்துவிடும். இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

இனி, காந்தத்தால் முடியாதது. புது இன்ஜினில் வரும் அழுக்கெல்லாம் இரும்பு இல்லை. பிஸ்டன் அலுமினியம். பேரிங்கில் இருப்பது அலுமினியம், செம்பு, தகரம், ஈயம் என்று வகைக்கு ஒன்று. ஒட்டுப்பசை துணுக்கு வரும், போல்ட் துளையில் தங்கிய அலுமினியச் சுருள் வரும், கரி வரும். எல்லாவற்றையும்விட மோசமானது ஹோனிங் கல்லின் தூள். போரில் (சிலிண்டரின் உள்சுவரில்) குறுக்குக் கோடு போடும் கல் சிலிக்கான் கார்பைடு அல்லது அலுமினா, இரும்பைவிடப் பல மடங்கு கடினம், காந்தம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஹோனிங் முடிந்த போரைச் சிலர் பெட்ரோலில் துடைத்து மாட்டிவிடுகிறார்கள். பெட்ரோல் எண்ணெயைக் கரைக்கும், கோட்டுக்குள் தங்கிய கல் தூளை வெளியே கொண்டுவராது. சுடுதண்ணீர், சோப்பு, பிரஷ். தேய்த்துக் காயவைத்து, ஆயில் தடவிய வெள்ளைத்துணியால் துடைத்தால் துணி சாம்பல் நிறமாகக் கூடாது. துணி வெள்ளையாகவே வரும்வரை மறுபடி மறுபடி தேய்க்க வேண்டும். என்னிடம் வேலை கற்க வந்தவர்களை இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

ஓடும் இன்ஜினுக்குள் வெளியில் இருந்து வரும் எதிரி சாலைப்புழுதி. அதில் இருக்கும் மணல் இரும்பைவிடக் கடினம், அதுவும் காந்தத்தில் ஒட்டாது. ஏர் ஃபில்டர் டப்பாவின் மூடி சரியாக உட்காரவில்லை என்றாலோ, அதற்குப் பின்னால் உள்ள ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தாலோ, ஆயில் ஃபில்டரில் எத்தனை காந்தம் கட்டினாலும் பயனில்லை.

பாதுகாப்பு என்று பார்த்தால் காந்தம் தரும் உதவி சின்னது. முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவது அதைவிட எவ்வளவோ பெரிது, ஏனென்றால் அது இரும்பு, அலுமினியம், கல் தூள் எல்லாவற்றையும் சேர்த்து வெளியே கொண்டுபோகிறது. ஆனால் காந்தம் கட்டிய ஃபில்டரைக் கழற்றி வெட்டிப் பார்த்தால் இன்ஜினுக்குள் நடப்பதை அது அழகாகக் காட்டும். அதற்காகவே நான் கட்டுவேன். சுவரில் மை போன்ற சாம்பல் நிறக் குழைவு ஒட்டியிருந்தால் ரிங்கும் போரும் பொருந்திய தூள், நல்லது. இரண்டாவது ஃபில்டரில் அது நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். விரலில் குத்தும் துணுக்கோ, ஊசிபோல நீளமான துண்டோ, பளபளக்கும் செதிலோ இருந்தால் வண்டியை ஓட்டுவதை நிறுத்திவிட்டு என்ன என்று பாருங்கள். காகிதத்தையும் விட்டுவிடாதீர்கள். மடிப்பை வெட்டி எடுத்து, வைஸில் வைத்து ஆயிலைப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பாருங்கள். செம்புநிற மினுமினுப்பு தெரிந்தால் பேரிங்கை நினைக்க வேண்டும். அதைக் காந்தம் காட்டாது, காகிதம்தான் காட்டும்.

கழற்றும் வரிசை: ஆயிலை வடியுங்கள், ஃபில்டரைக் காந்தத்தோடு கழற்றி வெளியே எடுங்கள், வெட்டிப் பார்த்த பிறகு காந்தத்தை எடுங்கள்.

---

கண்ணாடிக்குடுவை:

பழையலேத் ஐயா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் ஆயில் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். ஆயிலில் எந்த உலோகம் எவ்வளவு கரைந்தும் மிதந்தும் இருக்கிறது என்று பார்க்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் மிக நுண்ணிய துகளைத்தான் சரியாக எண்ணும். சுமார் 5 முதல் 8 மைக்ரானுக்கு மேல் போனால் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். காந்தம் சுலபமாகப் பிடிப்பது அதற்கு மேலே உள்ளதை. எனவே சோதனை அறிக்கையும், வெட்டிய ஃபில்டரும் ஒன்றுக்கொன்று துணை, ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விட முடியாது.

காந்தம் கட்டியவர்கள் மாதிரி அனுப்பும்போது அதைச் சொல்லிவிடுங்கள். இரும்பின் அளவு சற்றுக் குறைந்து தெரியலாம். அதை மற்ற வண்டிகளோடு ஒப்பிடாமல், உங்கள் வண்டியின் முந்தைய அறிக்கையோடு மட்டும் ஒப்பிட வேண்டும்.

அறிக்கையில் நான் முதலில் பார்ப்பது சிலிக்கான், அதாவது மணலிலும் புழுதியிலும் இருக்கும் தனிமம். புது இன்ஜினில் ஒட்டுப்பசையில் இருந்தும் கொஞ்சம் சிலிக்கான் வரும், அது அடுத்தடுத்த ஆயிலில் இறங்கிவிடும். இறங்காமல், கூடவே இரும்பும் அலுமினியமும் ஏறினால் புழுதி உள்ளே போகிறது என்று அர்த்தம். ஏர் ஃபில்டர் பற்றி அவர் சொன்னது அங்கே எண்ணாக வந்து நிற்கும்.

இரும்பும் செம்பும் ஆயில் கெட்டுப்போவதை வேகப்படுத்தும் உலோகங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நுண்துகளாக இருந்தால் பரப்பு அதிகம், வேகமும் அதிகம். ஆனால் காந்தத்தில் ஒட்டிய தூளும் ஆயிலுக்குள்தான் கிடக்கிறது. அதனால் "காந்தம் இருக்கிறது, ஆயிலை இன்னும் கொஞ்சம் ஓட்டலாம்" என்று இடைவெளியை நீட்டிவிடாதீர்கள்.

---

மழைச்சாரல்:

நல்ல விளக்கங்கள், இருவருக்கும் நன்றி. என்னிடம் இருப்பது சின்ன பைக். வெளியே டப்பாவே இல்லை, உள்ளே ஒரு கம்பிச் சல்லடை மட்டும்தான் என்கிறார் மெக்கானிக். காந்தம் வைத்த ட்ரெய்ன் போல்ட் போடலாமா? கியரும் கிளட்சும் இதே ஆயிலில்தான் ஓடுகின்றன.

---

பழையலேத்:

போடலாம் அம்மா, உங்கள் வண்டிக்கு அது இன்னும் பொருத்தம். கியர் பற்கள் உதிர்க்கும் தூள் முழுவதும் எஃகு, சம்பின் அடியில்தான் வந்து படியும், போல்ட் இருக்கும் இடமும் அதுவே. கார் கியர்பாக்ஸ்கள் பலவற்றில் கம்பெனியே காந்தப் போல்ட் போட்டு அனுப்புகிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் அடித்தட்டிலும் காந்தம் இருக்கும். கிளட்ச் தட்டில் உதிரும் நார்த்தூளைக் காந்தம் பிடிக்காது, அது ஆயிலோடுதான் வெளியேற வேண்டும்.

சல்லடை மட்டும்தானா என்று மெக்கானிக்கிடம் இன்னொரு முறை கேளுங்கள். சின்ன பைக்குகள் பலவற்றில் கிராங்கின் ஒரு முனையில் மூடியோடு ஒரு கிண்ணம் சுழலும். ஆயில் அதற்குள் போகும்போது சுழலும் வேகத்தில் கனமான துகள்கள் சுவரில் போய் அப்பிக்கொள்ளும். இரும்போ மணலோ, அதற்குப் பேதம் இல்லை. காந்தத்தைவிட மேலான ஏற்பாடு அது. ஆனால் யாரும் திறந்து சுத்தம் செய்வதில்லை. கறுப்பு மெழுகுபோல இறுகிக் கிடக்கும். உங்கள் வண்டியில் இருந்தால் அடுத்த முறை கிளட்ச் கவர் திறக்கும்போது வழித்து எடுக்கச் சொல்லுங்கள். காந்தப் போல்ட்டைவிட இதற்கு முதலிடம் கொடுங்கள்.

---

சக்கரவாகம்:

மனம் நிறைந்தது ஐயா. கொதிநீர்ச் சோதனை செய்து பார்த்தேன். பெரிய ஹார்ட் டிஸ்க்கில் இருந்து எடுத்த இரண்டும் அட்டைச் சோதனையில் அதே எடையைத் தாங்கின. சின்னது ஒன்று ஆறிய பிறகும் பாதிக்கு மேல் பலம் இழந்திருந்தது, அதை ஒதுக்கிவிட்டேன். ஸ்பீக்கர் காந்தமும் வெளியே. வெட்டிய பழைய டப்பாவில் தூள் தூவியபோது நீங்கள் சொன்ன மாதிரியே ஓரத்திலும் நடுக்கோட்டிலும்தான் முள்முள்ளாக நின்றது. ஸ்பீக்கர் காந்தத்துக்கு உள்பக்கம் ஏதோ கொஞ்சம் மட்டும் அசைந்தது.

தனிவழி சொன்ன வாரண்டி விஷயத்தையும் யோசித்தேன். சர்வீஸுக்கு விடும் முன் நானே கழற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால், அப்போது பிடித்த தூள் விடுபட்டு, சர்வீஸ் வரை ஓட்டும் தூரத்தில் காகிதத்துக்குப் போகுமே? அது பரவாயில்லையா? கார் ட்ரெய்ன் போல்ட்டையும் காந்தமாக மாற்ற வேண்டுமா?

---

பழையலேத்:

பரவாயில்லை, ஆனால் அதைவிட நல்ல வழி, முதல் ஆயில் மாற்றும்போது நீங்கள் கூடவே இருந்து, காந்தத்தோடு ஃபில்டரைக் கழற்றச் சொல்லிப் பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்கிக்கொள்வது. முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ட்ரெய்ன் போல்ட்டை வாரண்டி முடியும் வரை தொடாதீர்கள். பிறகு மாற்றுவதாக இருந்தால் மரை அளவு, நீளம் இரண்டையும் அச்சு அசலாகப் பாருங்கள். காந்த முனை நீண்டிருந்தால் சில சம்புகளில் உள்ளே இருக்கும் தடுப்புத்தகட்டில் போய் இடிக்கும். காந்தம் போல்ட்டில் பசையால் மட்டும் ஒட்டியிருக்கும் வகை வேண்டாம், விளிம்பு மடித்து இறுக்கிய வகையாகப் பார்த்து வாங்குங்கள். வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது. சம்ப் அலுமினியமாக இருந்தால் கையேட்டில் சொன்ன டார்க்குக்கு (இறுக்கும் அளவுக்கு) மேல் ஒரு இழுப்புகூட அதிகம் வேண்டாம், மரை பிய்ந்தால் சம்பையே கழற்ற வேண்டி வரும்.

ஃபில்டரை வெட்டியதும் சுவரையும் காகிதத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.